புள்ளி வைக்கும் இடம்

புள்ளி என்னும் சொல் நம் இலக்கண ஆசிரியர்களுக்கு எழுத்தைச் சார்ந்ததாகவே இருந்தது. மெய்யெழுத்தின் தலைமீது அமர்ந்து, இங்கே உயிர் சேரவில்லை என்று அறிவிப்பது அதன் வேலை. வாக்கியத்தின் காலடியில் அமர்ந்து, இங்கே பேச்சு முடிந்தது என்று அறிவிக்கும் மற்றொரு புள்ளி, அச்சுப்பொறியோடு மேலைநாட்டிலிருந்து வந்த விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரராகி நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆகவே அவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்பதையே நாம் மறந்திருந்தோம். இவ்வாண்டு அதனை நமக்கு நினைவூட்டியது ஒரு கணிப்பொறி.

நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களை ஒளிப்படி எடுத்து, எழுத்தாக்கி, கணினியில் ஏற்றி வைப்பது என்று முடிவாகியிருப்பதை அன்பர்கள் அறிவார்கள். தாள்கள் பழுத்துவிட்டன, தொட்டால் ஓரம் உதிர்கிறது. ஆயினும் ஏற்றி வைத்துவிட்டால் மட்டும் யார் படிப்பார் என்ற கேள்வியும் உடனே எழுந்தது. தலைநகரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் பலர் தமிழைக் காதால் அறிவர், கண்ணால் அறியார். வீட்டில் தமிழ் பேசுவர். பேருந்தின் நெற்றியில் உள்ள ஊர்ப்பெயரை இந்தியில் படிப்பர். கட்டுரைகளைக் கணினியே வாய்விட்டுப் படிக்குமாறும், வேண்டுவோர்க்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்துத் தருமாறும் செய்யலாமே என்றனர் இளைஞர்கள். அவர்களுள் ஒருத்தி, கல்லூரியில் கணினியியல் பயிலும் நம் மகள். தமிழை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆதலின் மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு நமக்கு வந்து சேர்ந்தது. பிறர் எழுதிய குறிப்புகளைச் சரிபார்த்தே இருபது ஆண்டுகள் கழித்த எழுத்தர் என்பதனால் போலும்.

படிப்பதற்கும் பெயர்ப்பதற்கும் முன்னே கணினி செய்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஓடும் உரையை வாக்கியம் வாக்கியமாக நறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகக் கையில் எடுத்தால்தான் குரல் எங்கே எழ வேண்டும், எங்கே விழ வேண்டும் என்பது அதற்குத் தெரியும். மொழிபெயர்ப்பிலும் எழுவாயும் பயனிலையும் ஒரே துண்டில் இருக்கும். இதற்கென்று பிறர் எழுதி வைத்த நிரல்களின் தொகுதியை 'நூலகம்' என்றே அத்துறையினர் அழைக்கின்றனர். நூலகம் என்றவுடன் அலமாரியையும் 'அமைதி காக்க' என்ற பலகையையும் எண்ண வேண்டா. ஆயத்தமாகச் செய்து வைத்த கருவிகளின் பெட்டி என்று கொள்க.

புள்ளி வந்தால் வெட்டு என்று சொல்லிவிட்டால் போதாதோ என்றே நாமும் எண்ணினோம். போதாது என்பது மேலைநாட்டார் நெடுநாள் முன்பே கண்ட உண்மை. அவர்கள் மொழிகளில் புள்ளி வாக்கிய முடிவையும் காட்டும், சுருக்கெழுத்தையும் காட்டும். திபோர் கிஸ், யான் ஸ்ட்ரங்க் என்னும் அறிஞர் இருவர் 2006ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டு வெளியிட்டனர். அம்முறைக்குப் 'புங்க்ட்' என்று பெயர். ஜெர்மானிய மொழியில் புள்ளி என்றே பொருள். எது சுருக்கம், எது முழுச்சொல் என்று யாரும் அதற்குக் கற்பிப்பதில்லை. பெருந்திரளான உரையை அதன் முன் கொட்டினால் போதும், தானே கண்டுகொள்ளும். ஒரு சொல் எப்போதும் புள்ளியோடு ஒட்டியே வருகிறதா, குறுகியதாக இருக்கிறதா, உள்ளேயும் புள்ளி கொண்டிருக்கிறதா என்று பார்த்து, அப்படியானால் இது சுருக்கம் எனத் தீர்மானிக்கும். புதிதாகச் சேர்ந்த எழுத்தர், ஒருவரும் சொல்லித் தராமலே பழைய கோப்புகளைப் புரட்டி அலுவலகக் குறுக்கங்களைக் கற்றுக்கொள்வது போன்றது இது. அவ்வகையில் அந்த நிரல்மீது நமக்கு ஓர் இனப்பற்றே உண்டாயிற்று.

அவ்வறிஞர்கள் தம் முறையைப் பதினொரு மொழிகளில் சோதித்தனர். துருக்கியும் எஸ்தோனியமும் அவற்றுள் உண்டு. இந்திய மொழி ஒன்றும் இல்லை. பிற்காலத்தில் மற்றவர்கள் வேறு மொழிகளையும் சேர்த்தனர். நம் மகள் இறக்கிக்கொண்ட தொகுப்பில் மலையாளத்துக்கு ஒரு கோப்பு இருந்தது, தமிழுக்கு இல்லை. ஆகவே முதல் முயற்சியாக ஆங்கிலத்துக்குரிய கோப்பைக் கொண்டே நம் மலரை வெட்டிப் பார்த்தாள்.

விளைவைக் கேட்டால் சிரிப்பீர்கள். திரு. வி. க. அவர்களைப் பற்றிய கட்டுரை ஒன்று. இயந்திரம் 'திரு.' என்பதை ஒரு வாக்கியம் என்றது, 'வி.' என்பதை மற்றொன்று என்றது, 'க.' என்பதை மட்டும் அடுத்த சொற்களோடு சேர்த்துக்கொண்டது. சின்னஞ்சிறு வாக்கியங்களால் உரைநடை செய்து காட்டிய பெரியவரின் பெயரே சின்னஞ்சிறு வாக்கியங்களாகிவிட்டது! இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. 'திரு.' என்பது மரியாதைச் சொல், அதனை வெட்டாதே என்று பட்டியலில் எழுதிவிட்டால் சிக்கல் தீரும் என்றாள் மகள். ஆயின் இப்பெயரில் உள்ள திரு மரியாதை அன்று; திருவாரூர். திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரம் என்பதன் முன்னெழுத்துகள் அவை. இதனைச் சொன்னபோது அவள் வியந்தாள். பெயருக்கு முன்னே ஊரைச் சுமந்து செல்லும் வழக்கத்தை அவள் அதுவரை அறியாள்.

'க.' தப்பியது ஏன், 'வி.' சிக்கியது ஏன் என்பதை ஆராய ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. காரணம் வேடிக்கையானது. புள்ளிக்கு முன் ஒற்றை எழுத்து நின்றால் அது பெயரின் முன்னெழுத்தாகலாம் என்பது அந்த நிரலின் விதி. யூனிகோடு முறையில் 'க' என்பது ஒரே குறியீடு. 'வி' என்பதோ வகரத்துக்கு ஒன்றும் இகரக் குறிக்கு ஒன்றுமாக இரு குறியீடுகள். நம் கண்ணுக்கு ஓரெழுத்து. அதன் கணக்கில் இரண்டு. உயிரும் மெய்யும் கூடி ஓரெழுத்தாகும் என்று நாம் ஐந்தாம் வகுப்பிலேயே கற்றதை அந்த விதியை எழுதியவர் கற்கவில்லை. அவர்மீது குறையும் இல்லை. இதனால் க. நா. சு. ஓரளவு தப்பினார், உ. வே. சா., மு. வ., கு. ப. ரா. ஆகியோர் துண்டாயினர். ஆங்கிலத்தில் அடுத்த சொல் பெரிய எழுத்தில் தொடங்குகிறதா என்று பார்த்து ஐயம் நீக்கிக்கொள்ளலாம். நமக்குப் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. எழுத்துலகில் சமத்துவம், அதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

முன்னெழுத்தால் வரும் தொல்லை இயந்திரத்துக்கு மட்டுமா? வடக்கே வந்த தமிழர் ஒவ்வொருவரும் படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தின் முன் திகைத்து நின்றவர்தாம். தந்தையின் பெயரை அதில் எழுதினால் அடுத்த நாள் முதல் அலுவலகம் முழுவதும் நம்மைத் தந்தையின் பெயராலேயே அழைக்கும். அதில் ஒரு பெருமை உண்டு என்று நம் நண்பர் ஒருவர் சொல்வார். அது நிற்க.

இந்திக்கு இந்தச் சங்கடம் மிகக் குறைவு. அங்கே வாக்கியம் முடிவதற்கு நிமிர்ந்த கோடு. சுருக்கத்துக்குப் புள்ளி அல்லது சிறு வட்டம். இரண்டு வேலைக்கு இரண்டு ஆள். 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின்படி இருமொழியில் வெளிவரும் ஆணைகளைத் தினந்தோறும் கையாள்பவர் நாம். ஒரு பக்கம் கோடுகளாகவும் மறுபக்கம் புள்ளிகளாகவும் அவை நிற்பதை எத்தனையோ முறை பார்த்தும் அதன் பயன் அப்போது தோன்றவில்லை. அக்கோட்டைக் கைவிட்டுப் புள்ளியே இடும் இந்தி இதழ்களும் உண்டு. அவர்கள் ஏன் இருந்த வசதியை இழந்தனர் என்பது விளங்கவில்லை.

பின்னர் இந்திய மொழிகளுக்கென்றே அமைந்த 'இன்டிக் என்.எல்.பி. லைப்ரரி' என்னும் பெட்டியைத் திறந்தோம். ஆங்கிலக் கோப்பைவிட அது நன்றாகவே வேலை செய்தது. எஸ்., டி., பி. போன்ற ஆங்கில முன்னெழுத்துகளை அது அறியும். ஆனால் எவ்வாறு அறிகிறது என்று நிரலைப் பிரித்துப் பார்த்த மகள் நம்மை அழைத்துக் காட்டினாள். வெட்டக் கூடாதவற்றின் பட்டியல் நாகரி எழுத்தில் இருக்கிறது. தமிழ்ச் சொல் வந்தால் அதனை முதலில் நாகரிக்கு மாற்றி, அப்பட்டியலில் உண்டா என்று பார்க்கிறது. பல மொழிகளுக்கும் ஒரே பட்டியல் பயன்பட வேண்டும் என்று செய்த சிக்கனம் அது, அதில் தவறில்லை. இருந்தாலும், வீட்டுக்குள் அமர்ந்து தமிழ் படிக்கும் இயந்திரமும் நம் பிள்ளைகளைப் போலவே நாகரி வழியாகத்தான் தமிழைக் காண்கிறது என்பதில் நமக்கு ஒரு சிறு நெருடல் ஏற்படத்தான் செய்தது. புள்ளிக்கு முன் எண் இருந்தால் வெட்டாதே என்ற விதியும் அதில் உண்டு. அதனால் 3.5 முழுதாகத் தப்பும், 'தி. ஜானகிராமன் பிறந்த ஆண்டு 1921.' என்று முடியும் வாக்கியமோ அடுத்த வாக்கியத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

முடிவில் நம் மகள் தமிழுக்கெனத் தனிப்பட்டியல் ஒன்றை எழுதலானாள். நாம் சொல்லச் சொல்ல அவள் சேர்த்தாள்: திரு., கி.பி., கி.மீ., ரூ., எ.கா., பக்., தொ.பே. ஆண்டு மலர்களின் விளம்பரப் பக்கங்களே இதற்குப் பெரிதும் உதவின என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கட்டுரையாளர் ஆயிரம் சொல்லில் தராத குறுக்கங்களைக் கரோல்பாக் மளிகைக்கடை விளம்பரம் ஒரு பக்கத்தில் தந்தது.

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அப்பா, புள்ளியே இல்லையென்றால் வாக்கியம் முடிந்தது என்று எப்படித் தெரியும்?"

வினைமுற்று வந்தால் முடியும் என்றோம். வந்து, பார்த்து, இருந்து என்பனவெல்லாம் எச்சம். இன்னும் ஏதோ எஞ்சி நிற்கிறது என்று பொருள். வந்தான், பார்த்தாள் என்பன முற்று. பெயரிலேயே முடிவு இருக்கிறது, பார்! அவள் மகிழ்ந்து அதனை விதியாக எழுதப் போனாள். 'வருவேன் என்றான்' என்பதைக் காட்டி நிறுத்தினோம். வருவேன் என்பது முற்றுதான். ஆயினும் அங்கே வாக்கியம் முடியவில்லை. 'என்று' என்னும் சிறு சொல், முடிந்துபோன வாக்கியத்தை அப்படியே தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்ளும். 'பறவை பாடும்' என்பதில் பாடும் என்பது முற்று. 'பாடும் பறவை' என்பதில் அதுவே எச்சம். வினையே இல்லாமலும் வாக்கியம் முடியும்: 'அவர் ஆசிரியர்.' இவ்வளவையும் வீட்டில் பேசும்போது அவள் ஒரு பிழையுமின்றிக் கையாள்கிறாள். கையாள்வதாக அவளுக்கே தெரியாது.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் இயந்திரத்தின் நிலையில்தான் மனிதர் இருந்தனர். ஓலையில் சொல்லிடை வெளி இல்லை. மெய்யின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் இடுவதில்லை. மூலமும் உரையும் ஒரே ஓட்டமாக ஓடும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய சாமிநாதையர் போன்றோர் பட்ட பாட்டில், இது எங்கே முடிகிறது என்று கண்ட பாடு பெரும்பகுதி. ஆற்றுநீர் போல் நேரே செல்வது முதல் முன்னும் பின்னும் மாறிக் கொள்வது வரை, பொருள்கோள் எட்டு என்று நன்னூல் வகுத்தது வெறும் பாட்டுக்கான வேடிக்கை அன்று. முடிவு தெரியாத எழுத்தைப் படித்தவர்களின் அனுபவம் அது. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் பல அடிகளைத் தாண்டிச் சொல்லைச் சொல்லோடு கூட்டிப் பொருள் உரைத்தார். அம்முறையைப் பிற்காலத்தில் மறுத்தவர்களும் உண்டு. உரைநடை தனித்து நடக்கத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றோர் நிறுத்தக் குறிகளை ஒழுங்காக இட்டுக் காட்டினர். பள்ளிக்கூடம் அதனைப் பரப்பியது. பள்ளியில் நெடுநாள் இல்லாதவர்களிடம் அது சென்று சேரவில்லை.

அவர்களுள் ஒருவர் நம் தாயார். ஒரத்தநாட்டுப் பக்கத்துச் சிற்றூரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். 2002 முதல் 2009 வரை அவர் நமக்கு எழுதிய நீலநிற இன்லேண்டு கடிதங்கள் நாற்பத்தொன்று நம்மிடம் உள்ளன. மலர்ப்பணி ஓரளவு முடிந்ததும், "அப்பாயி எழுதியதையும் ஏற்றலாமா? என்னால் படிக்க முடியவில்லை; கேட்கவாவது செய்கிறேன்" என்றாள் மகள். நாம் தட்டச்சு செய்து கொடுத்தோம். இயந்திரம் ஒவ்வொரு கடிதத்தையும் ஒரே வாக்கியம் என்று திருப்பித் தந்தது. நாற்பத்தொரு கடிதம், நாற்பத்தொரு வாக்கியம். அவர் ஓரிடத்திலும் புள்ளி வைத்தவர் அல்லர். மடிப்பின் ஓரம் வரை, பசை தடவிய விளிம்பு வரை எழுதுவார். புள்ளிக்கு அங்கே இடமும் இல்லை.

ஆயினும் அவரிடம் ஒரு குறி இருந்தது. 'இங்கு யாவரும் நலம் அங்கு உன் நலமும் மருமகள் குழந்தை நலமும் அறிய ஆவல் நிற்க' என்று எழுதுவார். அடுத்துப் பசுவின் செய்தி; மீண்டும் 'நிற்க'. அடுத்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததோ வரவில்லையோ, மீண்டும் 'நிற்க'. முன் தலைமுறைக் கடிதங்கள் அனைத்திலும் உள்ள அச்சொல்லை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொன்னது அப்படியே நிற்கட்டும், இனி வேறு பேசுவோம் என்பது அதன் கருத்து. அதனைப் பட்டியலில் சேர்த்ததும் கடிதங்கள் ஐந்தாறு துண்டுகளாகப் பிரிந்தன. மகள் கைகொட்டிச் சிரித்தாள். எந்த நூலகத்திலும் இல்லாத விதி ஒன்றை அப்பாயி தந்துவிட்டார்கள் என்றாள்.

துண்டுகளுக்குள் வாக்கியம் பிரிப்பதை நாம் கையாலேயே செய்தோம். ஒரு கடிதம் வரை தடையின்றிச் சென்றது. அது 2006 மார்கழியில் எழுதியது. அதில் இவ்வாறு இருக்கிறது:

'பொங்கலுக்கு உன்னால் வர முடியாது என்று தெரியும் வருத்தம் இல்லை பணம் அனுப்பினால் போதும் என்று பெரியவன் சொல்கிறான் நான் சொல்லவில்லை நிற்க'

அந்த ஜனவரியில் நம் பிரிவில் எவருக்கும் விடுப்பு இல்லை. பணம் அனுப்பினோம். கடிதத்தைப் படித்து மற்றவற்றோடு கட்டி வைத்தோம். இப்போது புள்ளி எங்கே வைப்பது? 'வருத்தம் இல்லை' என்பதன் பின் வைத்தால், அம்மா தம் வருத்தமின்மையைத் தாமே சொல்கிறார். பணம் வேண்டும் என்றது மட்டும் அண்ணன். 'தெரியும்' என்பதன் பின் வைத்தால், வருத்தம் இல்லை என்பதும் அண்ணன் வாயில் சென்று சேர்கிறது. நான் சொல்லவில்லை என்று அம்மா அதனை மறுக்கிறார். மறுத்தால் வருத்தம் உண்டு என்றாகிறது. 'என்று' என்னும் சொல்லின் மடி எவ்வளவு பெரிது என்பதே கேள்வி.

மகள் இரண்டு விதமாகவும் புள்ளியிட்டுக் கணினியைப் படிக்கச் செய்தாள். ஒரே சொற்கள், இரண்டு வெவ்வேறு பெண்கள் பேசுவது போல் இருந்தது. எந்தத் தாய் வருத்தமில்லை என்று எழுதுவாள், இரண்டாவதுதான் சரி என்றார் நம் இல்லத்தரசி. அம்மா அப்படிப்பட்டவர் அல்லர், பசு இறந்ததையே 'வருத்தம் இல்லை வயதாகிவிட்டது' என்று எழுதியவர் என்று வேறொரு கடிதத்தை எடுத்துக் காட்டினோம். உரையாசிரியர்கள் சண்டையிடும் முறையே இதுதான். மூலக் கடிதத்தையும் விரித்துப் பார்த்தோம். 'தெரியும்' என்பதோடு ஒரு பக்கம் முடிந்து, 'வருத்தம்' என்பது மடிப்புக்கு அப்பால் தொடங்குகிறது. அங்கே அவர் பேனாவை எடுத்துச் சற்று நிறுத்தினாரா, தாள்தான் முடிந்ததா என்று யார் சொல்வது? அண்ணனுக்குத் தொலைபேசியில் அந்த வரியைப் படித்தோம். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பணம் அனுப்பச் சொல் என்று நான் எங்கேடா சொன்னேன்?" என்றார்.

அம்மா 2012இல் மறைந்தார்.

மகள் அந்த வரியை வெட்டாமல் விட்டுவிட்டாள். நிரலை அடுத்த முறை ஓட்டும்போது தப்பித் தவறியும் யாரும் அதில் புள்ளி வைத்துவிடக் கூடாது என்று, வெட்டக் கூடாதவற்றின் பட்டியலில் திரு., கி.பி., ரூ., பக். ஆகியவற்றின் கீழே 'கடிதம் 27, வரி 6' என்று சேர்த்திருக்கிறாள்.